அப்பா ஃபெயிலான குதிகால் பரீட்சை

முட்டுக்காடு

அன்புள்ள பரணிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், உங்கப்பாவின் வாய் பரம சுகம், அவருடைய மற்ற பாகங்களைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். நீயும் சுஷ்மிதாவும் கனடா குளிரில் நேரத்துக்குச் சாப்பிட்டு சௌக்கியமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய், இந்த முதியோர் இல்லத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே ரூம், நான் போனை எடுத்தாலே பக்கத்துக் கட்டிலில் காதைத் தீட்டிக்கொள்கிறார், அதனால் வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன், கேட்டால் ஸ்ரீராமஜெயம் எழுதினேன் என்று சொல்லிவிடுவேன்.

பக்கவாதம் வந்து உங்கப்பாவுக்கு இடது கால் விழுந்ததிலிருந்து வாராவாரம் நர்ஸ் துர்காதேவி வந்து படுக்கைப்புண் வருமா என்று சோதித்து மார்க் போடுகிறதே, உனக்கும் வாட்ஸப்பில் அனுப்புகிறதே, அந்த விஷயம்தான். தொட்டால் தெரிகிறதா, தானாகப் புரள்கிறாரா, துணி ஈரமாகிறதா, தட்டு காலியாகிறதா, எல்லாவற்றுக்கும் மார்க், கூடினால் நல்லது, குறைந்தால் புண் வரும் ஆபத்து. அணுபுரம் குவார்ட்டர்ஸில் உன் பிராக்ரஸ் கார்டைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்ற மனுஷன் இல்லையா, மார்க் என்றதும் பரீட்சைக்குத் தயாராகிவிட்டார். அடுத்த ரூம் ஹரிகிருஷ்ணன், அவரும் உங்கப்பா மாதிரி அணுமின் பிளான்ட்டில் ரிடையரானவர்தான், கூட்டுக் களவாணி. துர்காதேவி உங்கப்பாவைக் கண்ணை மூடச் சொல்லி, இன்னா சார், இப்ப எந்தக் காலத் தொடுறேன் என்று கேட்கும், ஜன்னலுக்கு வெளியே ஹரிகிருஷ்ணன் ஒரு தடவை இருமினால் வலது, இரண்டு தடவை இருமினால் இடது. உங்கப்பா சாப்பிட முடியாத இட்லியும் ஹரிகிருஷ்ணன் தட்டுக்குத்தான் போகும். நாடு நம்பி சம்பளம் கொடுத்த இரண்டு மூளைகள். அந்த மார்க்கைப் பார்த்துத்தான் நீ சூப்பர்ப்பா என்று அனுப்பினாய், அதை வாட்ச்மேன் வரைக்கும் காட்டியாயிற்று.

எனக்கும் முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. போன வாரம் அவர் பேப்பர் படிக்கும்போது இடது குதிகாலில் சிவப்பாக ஒரு திட்டு கண்ணில் பட்டது, விரலால் அழுத்திப் பார்த்தேன், வெளுக்கவில்லை, புண்ணுக்கு ஆரம்பம். சரி என்று, கல்யாணமான நாளிலிருந்து சேர்த்து வைத்த கோபத்தையெல்லாம் திரட்டி அதற்குக் கொஞ்சம் மேலே நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளினேன். மனுஷன் பக்கத்தைத் திருப்பி கிரிக்கெட் படிக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது பரணி. நேராகப் போய் துர்காதேவியிடம் போட்டுக்கொடுத்துவிட்டேன். இன்னாம்மா நீ, மொதல்லயே சொல்லிருந்தா அப்பவே ஏர் பெட் போட்டிருப்பேன்ல என்று எனக்கும் டோஸ் விழுந்தது. ஹரிகிருஷ்ணனை டீ குடிக்க அனுப்பிவிட்டு, உங்கப்பா கண்ணில் துண்டைக் கட்டி மறுபரீட்சை, ஃபெயில். இப்போது ஏர் பெட்டில் இருக்கிறார், கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் எதிலும் படாமல் பார்த்துக்கொள்கிறார்கள், இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்கிறார்கள். தோல் உரியவில்லை, கவனித்தால் ஆறிவிடும் என்கிறது துர்காதேவி.

காட்டிக்கொடுத்தவள் என்று என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார், இரண்டு நாள் காது குளிர்ந்தது. நேற்றுதான் வாயைத் திறந்து, பரணிக்கு இந்த மார்க் போய்விட்டதா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். அனுப்ப வேண்டாமென்று அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு, பார்த்தால் புது வேலையை விட்டுட்டு ஓடி வந்து நிற்பான் என்றார். இவ்வளவு தில்லுமுல்லும் இதற்குத்தான். நானும் சரி என்று தலையாட்டினேன். மறுபரீட்சை மார்க் இருபத்துமூன்றுக்குப் பன்னிரண்டு, பரணி. எழுதிவிட்டேன்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுசோடு இருக்க எங்கள் ஆசீர்வாதம். நம் கேளம்பாக்கம் பிளாட் சாவி எதிர்வீட்டு விஜயகுமாரியிடம் இருக்கிறது, மறந்துவிடாதே. நீ வருவதை அப்பாவிடம் முன்கூட்டிச் சொல்லாதே, வேண்டாமென்று லெக்சர் அடிப்பார். தோல் உரியாமல் இருக்கும்போதே வந்துவிடு.

உன் அம்மா
ஜெகதாம்பாள்