முப்பத்தொன்றாம் எண் உறை

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் பெரியம்மாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே அப்படியே இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவைத் திறந்தேன். கையெழுத்து புதிதாக இருக்கிறதே, யாரைப் பிடித்து எழுத வைத்தார் என்று யோசிக்காதே, என்னைப் பிடித்துத்தான் எழுத வைத்திருக்கிறேன். மாலை வகுப்பில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. எண்கள் எனக்கு முன்பே தெரியும், முப்பது வருடம் லிப்ட் ஓட்டியவனுக்கு ஒன்பதுக்கு மேல் பத்து என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எழுத்துதான் பிடிபடாமல் இருந்தது, இப்போது அதுவும் பிடிபட்டுவிட்டது, 'ஞ' மட்டும் இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இந்தக் கடிதத்தைச் செவ்வாய்க்கிழமை ஆரம்பித்தேன், இன்று சனிக்கிழமை. நடுவில் மாடிக் குழாய் ஒழுகி பிளம்பர் வந்து பார்த்தார், நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார், எந்த நாளைக்கு என்று சொல்லவில்லை.

நீ போனில் சொன்ன வேலை பெரும்பாலும் முடிந்தது. பெரியப்பா போய் ஒரு வருடம் ஆகப்போகிறது, அவர் உன் பேருக்கு எழுதிவைத்த நாணயப் பெட்டியை இன்சூரன்ஸ் செய்யச் சொன்னாய். பக்கத்து வீட்டுப் பூட்டை உடைத்ததிலிருந்து எனக்கும் அது சரியென்றுதான் பட்டது, அங்கே திருடன் எடுத்துப்போனது ஒரு பிரஷர் குக்கர்தான் என்றாலும். ஏஜெண்ட் தம்பி ஒரு பாரம் கொடுத்தார். அதில் எண், பொருள், மதிப்பு என்று மூன்று கட்டம். வகுப்பில் எங்களுக்கு 'மதிப்பிற்குரிய ஐயா' என்றுதான் அந்தச் சொல் வந்திருந்தது, அதனால் நான் ஒவ்வொரு நாணயத்துக்கும் நேராக 'மதிப்பு உண்டு' என்று ஒரு பக்கம் முழுக்க எழுதிவிட்டேன். ஏஜெண்ட் படித்துப் பார்த்துவிட்டு, ஐயா, எவ்வளவு உண்டுன்னு போடணும் என்றார். அதை வாங்கி எல்லாவற்றிலும் 'நிறைய' என்று சேர்த்துக் கொடுத்தேன். அவர் ஒரு புதுப் பாரமும் ஒரு நாணயக் கடைக்காரரின் போன் நம்பரும் கொடுத்தார்.

கடைக்காரர் வருவதற்குள் நான் பெட்டியை ஒருமுறை பார்த்து வைத்தேன். மொத்தம் எண்பத்தாறு. பெரியப்பா பஸ்ஸில் கண்டக்டராக இருந்தபோது பையில் வந்து விழுந்த செல்லாக்காசுகள்தான் முக்கால்வாசி, தன் கைக்காசைப் பையில் போட்டுவிட்டு அவற்றை வீட்டுக்கு எடுத்து வருவார், உனக்கு ஞாபகம் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு சின்னக் காகித உறையில், மேலே எண், மடிப்புக்கு உள்ளே பென்சிலில் ஒரு வரி. அந்த வரிகளை நான் இத்தனை வருடமாகக் கோடு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது ஒவ்வொன்றாகப் படித்தேன். ஏழாம் எண்ணில் 'கொடுத்தவர் என்னோடு சண்டையும் போட்டார்' என்று இருந்தது. பத்தொன்பதில் 'ஓட்டை உள்ளது, எனக்குத் தெரியும்.' இருபத்திரண்டில் 'இது பொத்தான்.' ஒரு நாள் முழுக்க அண்ணன் எதிரில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தது போல இருந்தது, அவர் உயிரோடு இருந்தபோது கூட ஒரே நாளில் இவ்வளவு பேசியதில்லை. முப்பது வரை படிப்பதற்குள் கண் வலித்துவிட்டது, மூடி வைத்துவிட்டேன்.

முப்பத்தொன்று எதுவென்று உனக்கே தெரியும். ரயிலடியில் பழைய சாமான் விற்ற மீசைக்காரரிடம் பெரியப்பா வாங்கிய தங்க நாணயம், அதற்குப் பெரியம்மா கையிலிருந்த இரண்டு வளையலையும் கழற்றிக் கொடுத்தார். நாற்பது வருடமாக இந்த வீட்டில் எந்தப் பேச்சு வந்தாலும், என் ரெண்டு வளையலும் அந்தப் பெட்டியிலதான் இருக்கு என்று ஒரு வார்த்தை சொல்லாமல் பெரியம்மா எழுந்ததில்லை. அவருக்கென்று பிள்ளையா குட்டியா, பெருமையாகச் சொல்லிக்கொள்ள அந்த ஒன்றுதான் இருந்தது. அதனால் போன ஞாயிறு காலை கடைக்காரர் வந்தபோது, மேல் மாடியிலிருந்து இறங்கி வந்து நல்ல புடவையோடு அவருக்கு நேர் எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

கடைக்காரர் கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தார். இதெல்லாம் செல்லாத காசாச்சே, இதுக்கு எப்படி விலை என்று பெரியம்மா கேட்டார். செல்லாததனாலதாம்மா விலை, செல்லுற காசா இருந்தா அஞ்சு பைசாதான் என்றார் அவர். சிலவற்றைத் தனியாக வைத்து நல்ல தொகையே எழுதினார். பொத்தானைப் பார்த்துவிட்டு, சட்டையோட இருந்தா யோசிக்கலாம் என்றார். முப்பத்தொன்று வந்தது. தராசில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். பெரியம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். பிறகு, ஐயா, கவர்ல ஏதோ எழுதியிருக்கு பாருங்க என்று உறையை என் பக்கம் தள்ளினார். 'போலி. இவளிடம் சொல்லக் கூடாது' என்று இருந்தது.

என்னவாம் என்று பெரியம்மா கேட்டார். அவருக்கு எழுத்து தெரியாது. எட்டு மாதம் சரியாகப் படிக்கத்தான் சொல்லிக்கொடுத்தார்கள், தப்பாகப் படிப்பதை நானாகத்தான் அந்த இடத்தில் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. உறையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, 'விலைமதிப்பில்லாதது, என் மனைவி தன் வளையல்களைக் கொடுத்து வாங்க உதவியது, கண்ணும் கருத்துமாகப் பாதுகாக்க வேண்டும்' என்று படித்தேன். கடைக்காரர் இருமினார். பெரியம்மா உறையை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினார். தம்பி, இங்க அரை விரல் நீளம்தான் எழுதியிருக்கு, நீங்க ஒரு முழம் படிக்கிறீங்க என்றார். அப்புறம், உங்க அண்ணன் வாயாலயே என்னைப் பாராட்டினதில்லை, பென்சிலாலயா பாராட்டப்போறார், ஒழுங்கா படிங்க என்றார். ஒழுங்காகப் படித்தேன்.

மகளே, அவர் உறையை மறுபடி கையில் வாங்கி அந்த எழுத்தையே தடவிக்கொண்டிருந்தார். டீ ஆடை கட்டிவிட்டது. கடைக்காரர் ஏற்கெனவே நிறுத்த காசையெல்லாம் திரும்ப நிறுத்துக்கொண்டிருந்தார். எனக்கு, ஏன்தான் பள்ளிக்கூடம் போனோம் என்று ஆகிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துப் பெரியம்மா, சொல்லக் கூடாதுன்னா எழுதியிருக்கார் என்று கேட்டார். ஆமாம் என்றேன். தெரிஞ்சேதான் நாற்பது வருஷம் பெட்டியைப் பூட்டி வச்சிருந்தாரா என்றார். அப்படித்தான் போலிருக்கு என்றேன். உடனே புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார், அழுகிறார் என்று நான் எழுந்தேன், பார்த்தால் சிரிப்பு. அந்த வளையல் ரெண்டும் கவரிங் தம்பி என்றார்.

நடந்தது என்னவென்றால், நிஜ வளையல்களைப் பெரியம்மா அதற்கு ஒரு வருடம் முன்பே தன் தங்கையின் ஆபரேஷனுக்காக விற்றுவிட்டாராம், பெரியப்பாவிடம் சொல்லப் பயந்து அதே மாதிரி கவரிங் வாங்கிப் போட்டுக்கொண்டாராம். அவர் நாணயத்துக்காகக் கேட்டபோது கழற்றிக் கொடுப்பதைத் தவிர வழியில்லை. அதன் பிறகு ஒரு வருடம் வாசலில் யார் கூப்பிட்டாலும் மீசைக்காரர்தான் சண்டைக்கு வந்துவிட்டார் என்று அடுப்படிக்குள் போய் நின்றுகொள்வாராம். அவர் வரவே இல்லை. எப்படி வருவார், அவர் கொடுத்ததும் அதே சரக்குதானே. கடைக்காரர் லென்ஸைக் கழற்றிவிட்டு, இத்தனை வருஷத் தொழில்ல இவ்வளவு நியாயமான வியாபாரத்தை நான் பார்த்ததில்லை என்றார். பெரியம்மா மட்டும் திடீரென்று சிரிப்பை நிறுத்திவிட்டு, அவரும் பயந்திருக்கார், நானும் பயந்திருக்கேன், ஒரே மேஜையிலதான் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கோம் என்றார்.

கடைக்காரர் போனதும் பெரியம்மா பென்சில் கேட்டார். பெரியப்பாவின் வரிக்குக் கீழே எழுதச் சொன்னார், 'வளையலும் கவரிங்.' கவர் என்று எழுதத் தெரிந்திருந்ததால் கவரிங் எளிதாக வந்தது, கடைசி எழுத்து மட்டும் இடம் போதாமல் மடிப்பில் ஏறிக்கொண்டது. நேற்று ஏஜெண்ட் வந்து சரிபார்த்தார், மதிப்பில்லாத பொருளுக்கு இன்சூரன்ஸ் கிடையாது, முப்பத்தொன்றை அடித்துவிடலாம் என்றார். உறையைத் திறந்து பார்த்துவிட்டு, இதுல ரெண்டு பேர் கையெழுத்து இருக்கே, யாரோடது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பெரியம்மா, மேல இருக்கறது அவர், கீழ இருக்கறது நான் என்றார். அது சரிதான் என்று நானும் தலையாட்டினேன். சட்டப்படி அந்த நாணயம் உன்னுடையது, அதைத் தான் வைத்துக்கொள்ளலாமா என்று பெரியம்மா உன்னிடம் கேட்கச் சொன்னார், ஆனால் கேட்டுவிட்டு உறையோடு மேலே எடுத்துப் போய்விட்டார்.

நீயும் உன் குடும்பமும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், அது என்னுடைய ஆசியும் பெரியம்மாவுடைய ஆசியும். பாரத்தில் நான் பென்சிலால் குறி போட்ட மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு, முழுப் பேராக எழுது, படிக்க எனக்குச் சுலபமாக இருக்கும்.

இப்படிக்கு,
இதைத் தானே உட்கார்ந்து எழுதிய
உன் அப்பா