வெயிலில் வைத்த பேட்டரி

கம்பம்
12.2.2006

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மாமியும் நானும் ஷர்மினும் நலம். தம்மாமில் உங்கள் இருமல் நின்றதா?

போனில் நீங்கள் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். மாமி பக்கத்திலேயே நின்றார்கள். இந்த வருடம் லீவைத் தள்ளிப்போட்டுவிட்டு, நல்ல கேமராவாக ஒன்று அனுப்பட்டுமா, தனி பேட்டரி போடுவதா, பென்சில் செல் போடுவதா என்றீர்கள். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

மேகமலை எஸ்டேட்டில் வேலை பார்க்கும் என் தம்பி ரபீக் வீட்டுக்கு மூன்று நாள் போயிருந்தோம். நீங்கள் போன வருடம் அனுப்பிய கேமராவையும் கொண்டுபோனோம். உங்கள் அம்மா ஒரு தேயிலைச் செடியைக்கூட விடாமல் எடுக்கச் சொல்லி, முதல் நாளே பேட்டரி தீர்ந்தது. மரம் விழுந்து அங்கே கரண்டும் இல்லை. சார்ஜரை வைத்து நாக்கு வழிக்கவா? அங்கே எஸ்டேட் கடை வைத்திருக்கும் ஞானசிகாமணி அண்ணன் பேட்டரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பென்சில் செல்லுன்னா எத்தன வேணாலும் தாரேன் தாயி. இந்தச் சப்பட்டைக்கு நீ மதுரைக்குத்தேன் போகணும்" என்றார்.

மறுநாள் காலையில் பேட்டரியைக் காணோம். மாமி அதை ரேடியோ செல் போலத் தகரத்தின் மேல் காயவைத்திருக்கிறார்கள்! கேட்டால், "வெயில்ல வச்சா ஏறாத செல்லும் உண்டாடி?" என்கிறார்கள். ஆபீஸ் ஜெனரேட்டரில் சார்ஜ் போட்டுத் தருகிறேன் என்று மத்தியானம் ரபீக் வந்தபோது, அது பூரி மாதிரி உப்பிக் கிடந்தது. இதை எழுதாதே என்றார்கள். எழுதிவிட்டேன்.

அன்று சாயங்காலம் எஸ்டேட்டை ஒட்டிய அணைக்கு அக்கரையில் யானைகள் இறங்கின. ஏழு பெரியவை, ஒரு குட்டி. யா அல்லாஹ், அத்தனை பெரிய உடம்புகள், ஒரு சத்தம் இல்லை! எங்களுக்கு மூச்சுவிடவே பயமாக இருந்தது. குட்டி சேற்றில் வழுக்கி விழுந்து எழுந்தது. ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லையே என்று நாம் பயந்துகொண்டிருந்தோமே, நீங்கள் இன்னும் நேரில் பார்க்காத உங்கள் மகள் ஷர்மின், என் விரலை உதறிவிட்டு அந்தக் குட்டியைப் பார்த்தபடியே நடந்தாள். ஆறு அடி மச்சான். எண்ணினேன். உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. யானையைப் பார்ப்பேனா, பிள்ளையைப் பார்ப்பேனா! செத்துப்போன கேமராவைத் தூக்கி அமுக்கிக்கொண்டே இருந்தேன், பைத்தியக்காரி.

மாமி தரையில் உட்கார்ந்து அழுதார்கள். "எம்புள்ள பாக்க வேண்டியத நானே வெயில்ல வச்சுட்டேனே" என்று ஒரே புலம்பல்.

தனி பேட்டரி நிறையப் படம் தாங்குமாம். பென்சில் செல் சீக்கிரம் தீர்ந்துவிடுமாம், ஆனால் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் என்கிறான் ரபீக். எனக்கு, தேடும்போது பக்கத்தில் இருப்பதுதான் பெரிது. பென்சில் செல் கேமராவே வாங்குங்கள். பார்சலில் மட்டும் அனுப்பாதீர்கள்.

இப்போது ஷர்மின் வீடெல்லாம் நடக்கிறாள். அத்தா எங்கே என்று கேட்டால் போனைக் காட்டுகிறாள்.

லீவைத் தள்ளிப்போடாதீர்கள் மச்சான். அல்லாஹ் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். செல்லை நான் இங்கேயே வாங்கிக்கொள்கிறேன்.

வஸ்ஸலாம்.
உங்கள் லத்திபா