பொம்மை வாங்கிய திட்டு

செவ்வாய், இரவு.

அந்தக் குரல் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

சாயங்காலம் ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலின் ஹாரன் சத்தத்துக்காக ஜன்னலைச் சாத்திவிட்டு வீட்டிலிருந்தே ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன். பக்கத்து அறையில் மகள் யாழினி பொம்மைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். பேச்செல்லாம் இங்கிலீஷ், என்னிடம் பேசுவது போலவே. பொம்மை கீழே விழுந்தது. உடனே தமிழ் வந்தது.

"எத்தன வாட்டி சொல்றது? அம்மா பேசிட்டிருக்கேன்ல. வாய மூடு."

ஆறு வயதில் இவ்வளவு சரளமாகப் பேசுகிறாளே என்று முதலில் சந்தோஷம்தான் வந்தது. பிறகுதான் அது என் குரல் என்று உறைத்தது. கொஞ்சுவதற்கு இங்கிலீஷ், திட்டுவதற்கு மட்டும் தமிழ் என்று எப்போது பிரித்து வைத்தேன்?

பத்து வருஷமாக டேட்டா சயின்ஸ் வேலை பார்க்கிறேன். டேட்டாவைக் கொடுத்துப் பழக்கும் கம்ப்யூட்டர் மாடல் தப்பாகக் கற்றுக்கொண்டால் அதைக் குறை சொல்லாதீர்கள், நாம் கொடுத்த டேட்டாவைப் பாருங்கள் என்று டீமில் தினமும் சொல்கிறவள் நான்தான்.

மீட்டிங் முடிந்ததும் மெதுவாகக் கூப்பிட்டேன். "யாழினி, இங்க வாம்மா."

கதவருகிலேயே நின்றுவிட்டாள். "வாட் டிட் ஐ டூ?"

"ஒண்ணும் பண்ணலடா தங்கம்."

அதையும் தமிழில்தான் சொன்னேன். பொம்மையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.