காட்டுத்துளசியில் ஏழு விழுக்காடு

5 அக்டோபர், சனி
புக்கிட் பெலிம்பிங் செம்பனைத் தோட்டத்து ஓரம் மூன்று கிலோ காட்டுத்துளசி பறித்தோம். 'நாற்பத்தைந்து வயசுல மாஸ்டர்ஸ் எதுக்கு?' என்று கேட்ட என் கணவர் மார்கஸ், முட்டி வலி முனகலோடு என்னைவிட வேகமாகப் பறித்தார். இதன் எண்ணெயில் என்னென்ன இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் பட்டம். டிசம்பர் 12 கடைசி நாள். இருமுறை தவணை வாங்கியாயிற்று, இனிக் கிடையாது.

24 அக்டோபர்
எண்ணெயில் வலி போக்கும் மெத்தில் சாலிசிலேட், ஏழு விழுக்காடு! இந்தச் செடியில் யாரும் கண்டதில்லையாம். என் மேற்பார்வையாளர் டாக்டர் சசிகுமார் நாற்காலியைவிட்டே எழுந்துவிட்டார். "முரியல், இது புதுசு லா! மாநாட்டுக்கு அனுப்புவோம்." அடக்கமாகத் தலையாட்டினேன். நடிப்புத்தான்.

27 அக்டோபர், ஞாயிறு
மாதா கோயிலில் மார்கஸ் எல்லாரிடமும் சொல்லியாயிற்று. இராஜம்மா அக்கா முதுகுவலிக்கு இப்போதே ஒரு போத்தல் கேட்கிறார்.

30 அக்டோபர்
சாப்பிடும்போது மார்கஸ் முட்டிக்குத் தைலம் தேய்த்தார். அந்த வாசம்! போத்தலைப் பிடுங்கிப் படித்தேன். மெத்தில் சாலிசிலேட். மெந்தால். மெந்தாலும் என் பட்டியலில் ஓரமாக இருந்ததே — கண் எங்கே போயிற்று எனக்கு?
"செடி பறிச்ச அன்னிக்குக் கையில இதத் தேச்சீங்களா?"
"முட்டிக்குத்தான் தேச்சேன். அஞ்சாறு தடவ."
"அப்புறம் கை கழுவினீங்களா?"
"தோட்டத்துல பைப்பா இருக்கு?"
கத்தினேன். பிறகு அழுதேன். யாருக்கும் தெரியாதே — அப்படியே விட்டால் என்ன?

4 நவம்பர்
விட முடியவில்லை. நாளைக்கு வேறு யாராவது இதே செடியைக் காய்ச்சி எண்ணெய் எடுத்துப் பார்த்தால் என் மானம் கப்பலேறும்.
மார்கஸை ஆய்வுக்கூடத்துக்கே இழுத்துப்போனேன். தைலம் தேய்க்கச் சொல்லி, உள்ளங்கையை எத்தனாலில் கழுவி, அதையும் எண்ணெயைப் பகுத்த அதே கருவிக்குள் செலுத்தினேன். மாதிரியின் பெயர்: 'மார்கஸ், வலது கை'. மெத்தில் சாலிசிலேட், மெந்தால் முகடுகள் இரண்டும் செடியின் வரைபடத்தில் இருந்த அதே இடத்தில்.
சசிகுமார் இரண்டு வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். கடைசியில், "மறுபடியும் பறிங்க. கையுறை போட்டு. வீட்டுக்காரர வீட்டுலயே விட்டுட்டு."

8 டிசம்பர், ஞாயிறு
வெள்ளிக்கிழமையே ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன். கையுறை போட்டுப் பறித்ததில் கிடைத்தது ஊரறிந்த சினியோல், கேரியோஃபிலீன். புதிதாக ஒன்றுமில்லை, ஆனால் எல்லாம் செடியுடையது.
பூசை முடிந்து தேநீர் குடிக்கையில் இராஜம்மா அக்கா, "அந்தப் புது மருந்து என்னாச்சு, முரியல்?" என்றார். கூட்டம் முழுக்கத் திரும்பியது. நான் தேநீர்க் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.
மார்கஸ் வலது கையை உயர்த்திக் காட்டினார்.
"அது செடி இல்லக்கா. நான்தான் லா."