அறுத்த கள்ளிக்கு அவசரம் ஆகாது

அன்புள்ள குட்டிம்மாவுக்கு, முழங்கால் ஒன்றைத் தவிர இங்கே நான் முழு சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் தலைவலி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். உன் கள்ளிச் செடியின் அடியைச் சுற்றிக் கட்டி கட்டியாகப் புறப்பட்டிருக்கிறது, நோயா என்று கேட்டிருந்தாய். அடி அசடே, நோயும் இல்லை நொடியும் இல்லை, அது குட்டி போட்டிருக்கிறது. ஒற்றை ஆளாக, உடம்பெல்லாம் மேடும் பள்ளமுமாக வரியோடி உயரே போனால் தூண் கள்ளி, காலடியிலேயே குட்டி போட்டுக் குடும்பமாகப் பரவினால் கொத்துக் கள்ளி, உன்னுடையது இரண்டாவது. முள் கிளம்பும் இடத்தில் பஞ்சு ஒட்டினாற்போல் ஒரு புள்ளி இருந்தால் அசல் கேக்டஸ். கீறினால் பால் வடிகிறது என்றால் அது வேறு இனம், அந்தக் கையோடு கண்ணைத் தொட்டுவிடாதே. குட்டிகளைப் பிரிக்க இப்போது வேண்டாம், குளிர் போகட்டும். அதுவரை தண்ணீரும் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் போதும். மாப்பிள்ளைக்குக் கை சும்மா இருக்காது, தம்ளரை ஒளித்து வை.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். நான் உன் அண்ணன் வீட்டுக்குப் போனபோது, என் கள்ளிகள் இருக்கும் மாடிச் சாவியைக் கீழ் வீட்டு நர்ஸம்மாவிடம் கொடுத்து, "ஒண்ணும் செய்ய வேணாம், சும்மா ஒரு பார்வை பார்த்தா போதும்" என்று படித்துப் படித்துச் சொன்னேன். நோயாளிகளைக் கவனித்துப் பழகிய கை, சும்மா பார்க்க மனசு வரவில்லை, தினமும் தண்ணீர் ஊற்றித் தள்ளிவிட்டாள். திரும்பி வந்தால் என் உயரத்துக்கு நின்ற தூண் கள்ளி அடியில் கொழகொழத்துச் சுவரில் சாய்ந்து கிடக்கிறது. அவள் அழுது நின்றாள், திட்ட எனக்கு வாய் வரவில்லை. ரொட்டிக் கத்தியை எடுத்து, செடியைப் பழைய துண்டால் பிடித்துக்கொண்டு அறுத்தேன். வெட்டின இடத்தில் பழுப்பு தெரிந்தது, கத்தியைத் துடைத்துவிட்டு இன்னும் மேலே அறுத்தேன், துளி பழுப்பு இல்லாத வெள்ளைச் சதை வரும்வரை விடவில்லை. மிஞ்சியது இடுப்பளவுதான். அதை நிழலில் காகிதத்தின் மேல் நிறுத்தியிருக்கிறேன். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டிய பிறகுதான் மணல் கலந்த மண்ணில் நடுவேன், வேர் பிடித்த பிறகுதான் தண்ணீர்.

கூட வந்த உன் அண்ணன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே, "வெட்டி வச்சா எங்க வேணாலும் வேர் விடும்னு நீங்கதானேம்மா சொல்வீங்க, நீங்களும் எங்ககூடவே வந்துடுங்களேன்" என்றான். என்னை மடக்கிவிட்டதாக நினைப்பு. "அழுகினதாலதான்டா அதை அறுத்தேன், எனக்கு எங்கடா அழுகியிருக்கு?" என்று கேட்டேன். அதற்கு அந்தப் பிள்ளை என்ன செய்தான் தெரியுமா, மாதக் கடைசியில் காலி செய்கிறோம் என்று வீட்டுக்காரரிடம் என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வருகிறானாம். நேற்று நானே முழங்காலைத் தேய்த்துக்கொண்டு போய் வீட்டுக்காரரிடம், "குடியிருக்கிறவ நான், காலி பண்ணுறதா இருந்தா நானே வந்து சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவன் கெட்டவன் இல்லை, அண்ணி தங்கமான பெண். அங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, ஒரு வேலையும் இல்லை, குடித்த தம்ளரைக்கூடக் கழுவ விடமாட்டார்கள். நல்லது செய்கிறோம் என்றுதான் செய்கிறார்கள், எனக்குத்தான் மூச்சு முட்டுகிறது. ஞாயிறு வரட்டும், காபி கொடுத்து, அண்ணிக்கு ஒரு கொத்துக் கள்ளித் தொட்டியையும் ஏற்றி, வண்டியைத் திருப்பி அனுப்புவேன்.

நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு நிறைவாக இருக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு, முள் குத்தினால் உடனே எடுத்துவிடு. அண்ணன் உனக்கும் போன் செய்து உன்னைத் தன் பக்கம் இழுப்பான், அப்போது "அம்மா அங்கேயே இருக்கட்டும்" என்று ஒரு வார்த்தை சொல். நீ சொல்லாவிட்டாலும் நான் இங்கேதான் இருப்பேன். சொன்னால், தனியாக இருக்கிறேன் என்று தோன்றாது.

இப்படிக்கு,
எங்கும் வராத உன் அம்மா