அனுமதி கேட்காத கணக்கு

மார்ச் 4

அக்காவின் பல் மருத்துவமனையில் பிரிண்டர் மறுபடி படுத்துவிட்டது. எழுப்பிவிட்டேன். கணினி வேலையெல்லாம் என் பொறுப்பு; திட்டு வாங்குவதும்.

வரவேற்பறைக் கணினியில் மூன்று கணக்குகள். வரவேற்பறையில் வேலை பார்க்கும் அம்மாவுக்குச் சாதாரணக் கணக்கு. எக்ஸ்ரே படங்களைப் பார்க்கலாம், அழிக்க முடியாது. எனக்கு நிர்வாகி கணக்கு. பெரிய மாற்றம் என்றால் ஒரு பெட்டி வந்து 'அனுமதிக்கிறீர்களா?' என்று கேட்கும். மூன்றாவது, கணினியோடே வந்த மூல நிர்வாகி. அது எதையும் கேட்காது. அதனால்தான் அதைப் பூட்டியே வைப்பார்கள். நான் திறந்து அதிலேயே உட்கார்ந்திருக்கிறேன். என்னை யார் கேட்பது என்ற திமிர்தான்.

மார்ச் 9

வட்டில் இடமில்லை. பழைய கோப்புகளை அழிக்கும் ஒரு துப்புரவு நிரலை மூல நிர்வாகியிலிருந்தே ஓடவிட்டுச் சாப்பிடப் போனேன்.

மார்ச் 10

ஓராண்டாகத் திறக்காத எக்ஸ்ரே படங்கள் ஒன்றுகூட இல்லை. நகல் வட்டையும் செருகியே வைத்திருந்தேன் — அதுவும் துடைத்தாகிவிட்டது. என் நிர்வாகி கணக்காக இருந்தால் ஒரு தடவையாவது கேட்டிருக்கும்.

அக்கா, "முன்னாடி உக்காந்து எதையாவது தட்டிட்டே இருக்காங்க. அவங்க கைதான் பட்டிருக்கும்" என்றாள்.

வரவேற்பறை அம்மாவின் கணக்கில் அது முடியவே முடியாது. இந்தக் கட்டடத்தில் அது தெரிந்தவன் நான் ஒருவன். "பாக்கறேன்க்கா" என்றேன்.

மார்ச் 11

அவரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன்.

மார்ச் 12

நாற்காலி மெத்தையையும் கண்ணாடிக் கூட்டையும் எடுத்துப்போக வந்தார். ஒன்பது வருடம் இருந்த இடம், ஒரு துணிப்பையில் முடிந்தது.

"தம்பி, ஒரு படத்தை நகத்தினாலே உங்களுக்கு உரிமை இல்லன்னுதானே எனக்கு வரும்? அப்புறம் எப்படி நான் அழிச்சிருக்க முடியும்?"

கணினி படிக்காதவர். சரியான கேள்வியைத்தான் கேட்டார். நான் என்ன சொன்னேன்? "பார்த்துட்டுத்தான்மா சொல்லணும்." சீ. என்ன பார்க்கணும்? எதைப் பார்க்கணும்டா நீ?

மார்ச் 13

சோறு இறங்கவில்லை.

மார்ச் 14

அக்காவிடம் சொல்லிவிட்டேன். கத்துவாள் என்று நினைத்தேன். கையுறையைக் கழற்றிக்கொண்டே, "உன்னை எதாவது கேட்டாலே உனக்குப் பொறுக்காது. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்" என்றாள். பிறகு, "அவங்க வீட்டுக்கு நீயே போய்ச் சொல்லு. நானும் வரேன், நானும் மன்னிப்புக் கேக்கணும்."

வாசலில் நின்றே சொன்னேன். கண்ணைப் பார்க்க முடியவில்லை. அக்கா மன்னிப்புக் கேட்டாள்.

"அன்னிக்கே உங்ககிட்ட கேட்டேனே தம்பி" என்றார். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

மார்ச் 18

வரவேற்பறை அம்மா வேலைக்கு வந்துவிட்டார், ஒரு நிபந்தனையோடு. மூல நிர்வாகியைப் பூட்டிவிட்டேன். என் கணக்கு இனிச் சாதாரணம். அவர் நிபந்தனைப்படி தனியாக ஒரு நிர்வாகி கணக்கு; அதன் கடவுச்சொல்லை அவரே வைத்துக்கொண்டார். படங்கள் திரும்பக் கிடைக்கவில்லை. பழைய நோயாளிகளுக்கு மறுபடி எடுக்கிறார்கள். ஏன் என்று கேட்பவர்களுக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது அக்காவின் உத்தரவு.

ஏப்ரல் 2

பிரிண்டர் மறுபடி படுத்துவிட்டது. அதற்கான நிரலை நிறுவப் போனேன். பெட்டி வந்தது: நிர்வாகியின் கடவுச்சொல்லைத் தருக.

நான்கு நோயாளிகள் பார்த்துக்கொண்டிருக்க அவரைக் கூப்பிட்டேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பெட்டியிலிருந்த ஒவ்வொரு வரியையும் நிதானமாகப் படித்தார். நான் இதுவரை ஒரு முறையும் படித்ததில்லை.

"எதுக்கு இது?"

"பிரிண்டருக்கும்மா."

"வேற எதையும் தொடாதுல்ல?"

"தொடாதும்மா."

"சரி. கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க தம்பி."

சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.