மாற்று ஆள் கிடைத்ததும்

ஜனவரி 21, செவ்வாய்

இடமாற்ற மனு திரும்பி வந்துவிட்டது. ஓரத்தில் செயலாளரின் பச்சை மை: "மாற்று ஆள் கிடைத்ததும் பரிசீலிக்கலாம்." போன தடவையும் இதே வரி, இதே மை. மனிதர் வார்த்தையைக்கூட மாற்றவில்லை, ஆளையா மாற்றப் போகிறார்.

என் வீட்டுக்காரரும் பாப்பாவும் நான் மாற்றல் கேட்கும் ஊருக்குப் போய் இரண்டு வருஷம் ஆகப் போகிறது. அவருக்கு வேலை அங்கே. எங்கள் மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்கு அங்கேயும் ஒரு கிளை இருக்கிறது, பின்னாலேயே நானும் போய்விடலாம் என்றுதான் பாப்பாவை அங்கே பள்ளியில் சேர்த்தோம். நினைப்புக்கு என்ன குறைச்சல். நான் இன்னும் இந்த ஒற்றை அறையில் ஒரு தட்டு, ஒரு டம்ளர் என்று இருக்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு ரயிலேறிப் போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

ஜனவரி 23, வியாழன்

செயலாளர் கூப்பிட்டார். மனுவைப் பற்றித்தான் என்று வேகமாகப் போனேன். இல்லை. ஊழியர்களுக்கு என்னென்ன பயிற்சி தேவை என்று மதிப்பிட்டு அறிக்கை தர வேண்டுமாம். மேலிடத்தில் கேட்கிறார்கள். பயிற்சிக்கு ஒதுக்கிய பணம் செலவாகாவிட்டால் அடுத்த வருஷம் கிடைக்காது.

"நீங்கதான் பண்ணணும் மேடம். எல்லாரையும் உங்களுக்குத் தெரியும்."

"சார், மின் நிறுவனத்தோட கட்டண மனு வேற வருதே—"

"அதுவும் நீங்கதான் பண்ணணும்."

சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்புக்குப் பதில் சிரிப்புச் சிரித்துச் சிரித்தே எனக்குக் கன்னம் வலிக்கிறது.

மேசைக்கு வந்து தேநீர் குடித்த பிறகுதான் உறைத்தது. இதில் எனக்கு ஒரு வழி இருக்கிறது. மாற்று ஆள் இல்லை என்பதுதானே குறை? யாருக்கு எது தெரியாது என்று எழுதப் போவதே நான்தான். கட்டணப் பிரிவில் இரண்டு பேருக்கு என் வேலையைக் கற்றுக்கொடுத்தே தீர வேண்டும் என்று அறிக்கை சொல்லட்டும். அப்புறம் என்னை எப்படிப் பிடித்து வைப்பார்கள்?

ஜனவரி 31, வெள்ளி

தனக்கு எது எவ்வளவு தெரியும் என்று மதிப்பெண் போடச் சொல்லி ஒரு படிவம் கொடுத்திருந்தேன். எல்லாரும் தங்களுக்கு ஐந்துக்கு ஐந்து போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கணக்கியல், ஐந்து. சட்ட அறிவு, ஐந்து. படிவத்தை வைத்துப் பார்த்தால் உலகத்திலேயே அறிவாளிகள் நிறைந்த அலுவலகம் எங்களுடையது. அவர்களையும் குறை சொல்ல முடியாது. இங்கே "தெரியாது" என்று ஒருமுறை எழுதிக் கொடுத்தால், பதவி உயர்வின்போது யாராவது அதைத் தூசி தட்டி எடுப்பார்கள்.

படிவத்தைத் தூக்கிப் போட்டேன். நேரில் உட்கார்ந்து கேட்கப் போகிறேன்.

பிப்ரவரி 6, வியாழன்

ஒரே கேள்விதான் வைத்திருக்கிறேன். உங்களுக்குத் தெரியாத விஷயம் வந்தால் என்ன செய்வீர்கள்?

சட்ட அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி நெடுநேரம் யோசித்தார். "இதுவரைக்கும் அப்படி எதுவும் வந்ததில்லையேம்மா." ஓய்வு பெறப் போகிறவர். இனிமேல் வந்துவிடக் கூடாது.

நுகர்வோர் பிரிவுக்காரர்கள் பயிற்சி எதில் வேண்டும் என்று சொல்லவில்லை, எங்கே வேண்டும் என்று சொன்னார்கள். மலைப்பக்கமாக இருந்தால் நல்லதாம். போன பயிற்சியில் ஆளுக்கொரு பையும் தண்ணீர் பாட்டிலும் கொடுத்தார்கள். அந்தப் பையில்தான் இன்னும் பாதிப் பேருக்குச் சாப்பாடு வருகிறது. சொல்லிக்கொடுத்தது எங்கே போனது என்று ஒருவருக்கும் நினைவில்லை.

மற்றபடி யாரைக் கேட்டாலும் ஒரே பதில். "மேடத்தைக் கேட்போம்." பொறியாளர், கணக்கர், தட்டச்சர் வரைக்கும். "எதுக்குக் கவலை, நீங்க இருக்கீங்களே மேடம்."

பெருமையாக இருந்திருக்க வேண்டும். மனுவின் ஓரத்துப் பச்சை மைதான் நினைவுக்கு வந்தது.

பிப்ரவரி 12, புதன்

இன்று தலையாட்டியின் முறை. பக்கத்து மேசைக்காரர். என்ன சொன்னாலும் மேலும் கீழும் தலையை ஆட்டுவார், அதனால் நான் மனசுக்குள் வைத்த பெயர். இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்தும் அவர் முழுதாக மூன்று வாக்கியம் பேசி நான் கேட்டதில்லை.

எங்கள் வேலை இதுதான்: மின் நிறுவனம் கட்டணத்தை ஏற்றித் தா என்று கேட்கும், கேட்பதில் எது நியாயம், எது கள்ளக் கணக்கு என்று நாங்கள் பிரித்துச் சொல்ல வேண்டும். அதற்காக நான் கட்டி வைத்த எக்செல் கோப்பு ஒன்று இருக்கிறது. அதற்குள் போனால் வெளியே வர எனக்கு மட்டும்தான் வழி தெரியும். இவருக்கு எவ்வளவு தெரியும் என்று பார்க்க நினைத்தேன்.

"இந்தக் கோப்பை நீங்க தனியா போட்டுப் பாத்திருக்கீங்களா?"

"இல்ல மேடம்."

"ஏன்?"

மவுஸை என் பக்கமே தள்ளி வைத்தார். அப்புறம், தரையைப் பார்த்துக்கொண்டு: "நீங்க விட மாட்டீங்களே மேடம். நான் மவுஸ்ல கைய வச்சாலே, கொடுங்க, நானே பண்ணிடறேன்னு வாங்கிடுவீங்க. ஆரம்பத்துல கேட்டுப் பாத்தேன். அப்புறம் விட்டுட்டேன்."

கோபம் வந்தது. யாருக்காக வாங்கினேன்? தேதி நெருங்கிடுச்சு, தலைவர் கேக்கறார், இவர் ஒரு கட்டத்தை நிரப்பறதுக்குள்ள நான் ஒரு தாளையே முடிச்சிடுவேன்— வேற என்ன பண்ணச் சொல்றாங்க என்னை?

எழுதிவிட்டுத் திரும்பப் படிக்கிறேன். கோப்புக்குக் கடவுச்சொல் போட்டதும் நான்தான். யாராவது கை வைத்துக் கெடுத்துவிடுவார்கள் என்று போட்டேன். பூட்டியது நான், சாவி என்னிடம், உள்ளே மாட்டிக்கொண்டு கத்துவதும் நான். இதை எந்த அறிக்கையில் எழுதுவது?

பிப்ரவரி 13, வியாழன்

இன்று மட்டும் எத்தனை பேரிடம் "கொடுங்க" என்று கை நீட்டினேன். என் கையை நானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஊருக்குப் போனேன். சமையலறையில் உப்பு இருக்கும் இடம் எனக்குத் தெரியவில்லை. அவர் எட்டி எடுத்துக் கொடுத்தார். தோசைக்கல்லில் முட்டையைக்கூட உடைக்கத் தெரியாதவர், இப்போது ஒரு கையால் உடைத்து ஊற்றுகிறார்.

பாப்பா கண்ணாடி முன்னால் நின்று தானே பின்னல் போட்டுக்கொண்டாள். "பாப்பானு கூப்பிடாதம்மா, எனக்குப் பதினாலு வயசு." கணக்கில் சந்தேகம் கேட்டாயே, கொண்டு வா என்றேன். "அதுவா, அப்பா அன்னிக்கே சொல்லிக்கொடுத்துட்டாரே." சும்மாதான் சொன்னாள். குத்திக் காட்டவில்லை. குத்திக் காட்டியிருந்தால் தேவலை.

நான் இருப்பதால் அலுவலகத்தில் யாரும் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. நான் இல்லாததால் வீட்டில் எல்லாரும் எல்லாம் கற்றுக்கொண்டுவிட்டார்கள். இதையே நினைத்துக்கொண்டு வந்ததில் பயிற்சியில் கொடுத்த அந்தத் தண்ணீர் பாட்டிலை ரயிலிலேயே விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 24, திங்கள்

அறிக்கையைக் கொடுத்துவிட்டேன். பூசி மெழுகவில்லை. "கட்டணப் பிரிவு ஒரே ஒருவரை நம்பி இருக்கிறது. அவர் நாளைக்கு இல்லாவிட்டால் ஆணையத்தால் ஒரு மனுவைக்கூட ஆராய முடியாது. உடனடியாக இருவருக்குப் பயிற்சி தேவை." இரண்டு முறை படித்துப் பார்த்துத்தான் கொடுத்தேன். இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

மார்ச் 5, புதன்

தலையில் இடி.

செயலாளர் வாயெல்லாம் பல்லாகக் கூப்பிட்டார். "அருமையான அறிக்கை மேடம். தலைவரே பாராட்டினார். ஒரே ஒருத்தரைத்தான் நம்பி இருக்கோம்னு எழுதினீங்க பாருங்க, அதுதான் விஷயம். அந்த ஒருத்தரை நல்லா பலப்படுத்தணும்னு முடிவு பண்ணிட்டோம்."

எனக்குப் புரியவில்லை. பிறகு காகிதத்தை நீட்டினார். வெளியூரில் உயர்பயிற்சி, மூன்று மாதம். போகிறவர்: நான். கூடவே ஒரு ஒப்பந்தம். பயிற்சி முடிந்தபின் ஐந்து வருஷம் இதே பிரிவில், இதே அலுவலகத்தில் இருந்தாக வேண்டும்.

ஐந்து வருஷம். பாப்பாவுக்குப் பத்தொன்பது.

"சார், ரெண்டு பேருக்குப் பயிற்சி வேணும்னு—"

"அவங்களுக்கு எதுக்கு மேடம், அவங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியாதே."

சத்தியமாக இப்படியேதான் சொன்னார். தெரிந்தவருக்குப் பயிற்சி, தெரியாதவருக்கு எதற்கு. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். நானும் தலையாட்டிதான்.

மார்ச் 6, வியாழன்

மதியம் அவரிடம் போனில் சொன்னேன். எத்தனை வருஷம் என்று மறுபடி கேட்டார்.

"நல்ல பயிற்சிதானே. உனக்கு வேணும்னா போ."

"நீங்க என்ன நினைக்கறீங்கனு சொல்லுங்க."

"நாங்க பழகிட்டோம்மா," என்றார்.

ஆறுதலாகத்தான் சொன்னார் என்று எனக்குத் தெரியும். அலுவலகக் கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 7, வெள்ளி

கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இத்தனை வருஷ வேலையில் "மாட்டேன்" என்று நான் சொன்னது இதுதான் முதல் தடவை. ஒப்பந்தத்தைத் திருப்பி அவர் மேசையிலேயே வைத்தேன்.

செயலாளரின் முகம் மாறிவிட்டது. "அப்படின்னா இடமாற்றத்தையும் மறந்துடுங்க."

மார்ச் 10, திங்கள்

காலையில் முதல் வேலையாகக் கோப்பின் பூட்டை எடுத்தேன். தலையாட்டியைக் கூப்பிட்டு என் நாற்காலியில் உட்கார வைத்தேன். "இந்த வருஷத்து மனுவை நீங்க பாருங்க. நான் பக்கத்துல இருப்பேன். தொட மாட்டேன்."

நம்பவில்லை. வழக்கம்போலத் தலையை மட்டும் ஆட்டினார்.

மார்ச் 12, புதன்

ஒரு கூட்டலுக்கு அரை நாள். நான் என் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொடுமை.

மார்ச் 19, புதன்

சட்ட அதிகாரி ஒரு சந்தேகத்தோடு வந்தார். "அவரைக் கேளுங்க சார்" என்று தலையாட்டியைக் காட்டினேன். இரண்டு பேரும் என்னை முறைத்தார்கள். முறைக்கட்டும்.

ஏப்ரல் 4, வெள்ளி

தலையாட்டி ஒன்றை விட்டுவிட்டார். பெரிய விஷயம். அரசாங்க மானியத்தில் வாங்கிய மின்மாற்றிகளுக்கும் நிறுவனம் தேய்மானம் கேட்டிருக்கிறது. தேய்மானம் என்பது போட்ட காசைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டணத்தில் திரும்ப எடுப்பது. இவர்கள் காசே போடவில்லை. மக்கள் வரிப்பணத்தில் வாங்கியதற்கு மறுபடியும் மக்களிடமே வசூல்.

பார்த்தவுடன் கை மவுஸுக்குப் போய்விட்டது. இழுத்துக்கொண்டேன். புதன்கிழமை விசாரணை. அவராகக் கண்டுபிடிக்காவிட்டால் நான் சொல்லியே ஆக வேண்டும், ஊரார் தலையில் கட்ட முடியாது. சொன்னால் பழைய கதைதான். திங்கள்வரை பொறுப்பேன். அதற்கு மேல் எனக்காக ஊரைப் பணயம் வைக்க மாட்டேன்.

ஏப்ரல் 7, திங்கள்

காலை முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. மதியச் சாப்பாடும் முடிந்தது. சரி, சொல்லிவிடலாம், நம் தலையெழுத்து இவ்வளவுதான் என்று எழுந்தேன்.

"மேடம்." அவராகக் கூப்பிட்டார். "இந்த மின்மாற்றியெல்லாம் மானியத்துல வந்ததுதானே? அப்புறம் எதுக்குத் தேய்மானம் கேக்கறாங்க?"

திரும்பவும் உட்கார்ந்துவிட்டேன். "நீங்க என்ன நினைக்கறீங்க?"

"தரக் கூடாது மேடம்."

"அப்ப எழுதுங்க."

ஏப்ரல் 9, புதன்

விசாரணை. கூடம் நிறைந்திருந்தது. நிறுவனத்தின் தணிக்கையாளர் எழுந்து, தேய்மானம் கேட்பதுதான் வழக்கம், எல்லா வருஷமும் ஒத்துக்கொண்டீர்களே என்று ஒரு போடு போட்டார். பொய். தலைவர் என் பக்கம் திரும்பினார். செயலாளர் திரும்பினார். சட்ட அதிகாரி திரும்பினார். நான் மேலே சுற்றும் மின்விசிறியையே பார்த்தேன்.

தலையாட்டி எழுந்தார். முதல் முறையாகத் தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். "இல்ல சார். போன வருஷ உத்தரவுல இதைத் தள்ளுபடி பண்ணியிருக்கோம். படிச்சுக் காட்டறேன்."

தலைவர் கேட்டார்: "முழு மனுவையும் நீங்களேதான் பாத்தீங்களா?"

"ஆமா சார்."

செயலாளர் குனிந்து ஏதோ எழுதுவதுபோல் பாவனை செய்தார். சாயங்காலமே என் பழைய இடமாற்ற மனுவை எடுத்து ஒரு வரி மட்டும் சேர்த்துத் தலைவரின் பார்வைக்கே அனுப்பினேன்: "மாற்று ஆள் கிடைத்துவிட்டார்."

மே 13, செவ்வாய்

உத்தரவு வந்துவிட்டது. கிளை அலுவலகம், ஜூன் முதல்.

உயர்பயிற்சிக்குத் தலையாட்டி போகிறார். ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது பக்கத்தில் நின்றேன். சந்தோஷமாக இருக்க முடியவில்லை. "யோசிச்சுப் போடுங்க, மாட்டிக்குவீங்க" என்றேன். "எனக்கு வீடு வாசல் எல்லாம் இங்கதானே மேடம்" என்று தலையை ஆட்டினார். மேலும் கீழுமாக. புறப்படும்போது சொன்னேன், பக்கத்து மேசைக்கு யார் வந்தாலும் மவுஸை அவங்க கையிலிருந்து வாங்காதீங்க என்று.

ஜூன் 16, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. காலையில் பாப்பா கண்ணாடி முன்னால் பின்னலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் கோணல். என் கை தானாக நீண்டது. "கொடு, நானே—"

"இரும்மா. எனக்குத் தெரியும். நானே போட்டுக்கறேன்."

கையை இழுத்துக்கொண்டேன். அடுப்படியில் அவர் இருக்கிறார், அங்கேயும் எனக்கு வேலையில்லை. அலுவலகத்துக்காவது சீக்கிரம் போகலாம் என்று பையை எடுத்தேன்.

கண்ணாடியிலேயே என்னைப் பார்த்தாள். "எங்க கிளம்பிட்ட? நான் முடிக்கற வரைக்கும் இங்கயே சும்மா உக்காந்திரேன்."

உட்கார்ந்தேன்.